பன்னீர்ப்பள்ளத்தில் மேகமில்லை

மார்ச் 2, திங்கள்

கோபம் வந்தால் போனில் கத்தாதே, எழுதித் தொலை. இது என் தங்கை திலகா எனக்குப் போட்ட சட்டம். என்னைவிட ஐந்து வயது இளையவள், சட்டம் போடுவதில் மட்டும் மூத்தவள். ஆகவே எழுதுகிறேன். இன்றைய கோபம் மோட்டார் மீது. எங்கள் குடியிருப்பின் தண்ணீர் மோட்டார் எரிந்துபோய் இரண்டு நாளாகிறது. மூன்றாம் மாடிக்குக் குடம் சுமந்து முழங்கால் இரண்டும் கெஞ்சுகின்றன. சங்கச் செயலாளரைக் கேட்டால், "ஆள் சொல்லியிருக்கு மேடம்" என்கிறார். எந்த ஆள், எப்போது வருவார் என்று கேட்டால் அவருக்கு வேறு போன் வந்துவிடுகிறது.

ஆய்வகத்தில் வேறு தலைவலி. ஆனைக்கல் மலையில் காட்டுத்தீ. நேற்றைய செயற்கைக்கோள் படத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்த தீப்புள்ளிகள் இன்று மத்தியானம் சரிவு முழுக்கப் பரவியிருக்கின்றன. மலைக்கு நேர் கீழே ஆனைக்கல்பட்டி. திலகாவைக் கட்டிக் கொடுத்த ஊர். உடனே கூப்பிட்டேன்.

"மொட்டை மாடியில நின்னா நல்லாத் தெரியுதுக்கா. சாயங்காலம் ஆனா மலைக்கு மாலை போட்டாப்புல எரியுது."

"நீ எதுக்குடி மாடி ஏறுற? ஏழாவது மாசத்துல?"

"பாத்தியா, ஆரம்பிச்சிட்ட. எழுது, எழுது. போய் நோட்டுல எழுது."

சிரித்தாள். சிரிப்பின் கடைசியில் இருமினாள். அவளுக்குச் சிறு வயதிலிருந்தே மூச்சிரைப்பு உண்டு. போன தடவை நான்காவது மாதத்திலேயே கலைந்துவிட்டது. இந்தத் தடவை எதுவும் ஆகக் கூடாது. அவ்வளவுதான் எனக்கு வேண்டியது.

மார்ச் 3, செவ்வாய்

துணி துவைக்கத் தண்ணீர் இல்லை. தீ அணையவில்லை. திலகாவின் கணவர் முருகவேலுக்கு மின்வாரியத்தில் வேலை, மலையில் கம்பிகள் அறுந்து விழுவதால் விடுப்பு கிடையாதாம்.

மார்ச் 4, புதன்

பெரிய நாள். மாவட்டக் கலெக்டர் அலுவலகத்திலிருந்து எங்கள் ஆய்வகத்துக்கு அழைப்பு. ஆனைக்கல்பட்டியில் புகை தாங்க முடியவில்லை, முதியவர்களையும் கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைக்காரர்களையும் இடம் மாற்ற வேண்டும், எந்தப் பக்கம் காற்று நன்றாக இருக்கிறது என்று தினமும் ஒரு வரைபடம் வேண்டும் என்றார்கள். காற்றை அளக்கும் கருவி அந்த வட்டாரத்திலேயே ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, அதுவும் ஆனைக்கல்பட்டி நகராட்சிக் கட்டட மாடியில். மற்ற ஊர்களுக்கெல்லாம் மேலேயிருந்து பார்க்கும் செயற்கைக்கோள்தான் கதி. அதாவது நான்தான் கதி.

என் வேலையைத் திலகாவுக்கு இன்னும் விளங்கவைக்க முடியவில்லை. "மேல இருந்து போட்டோ புடிக்கிற வேலை" என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். போட்டோவை நான் பார்ப்பதே இல்லை. பூமியில் பட்டுத் திரும்பும் வெயில் காற்றிலுள்ள புகையிலும் தூசியிலும் எவ்வளவு சிதறுகிறது என்பதை வைத்து, கட்டம் கட்டமாகப் புகையின் அளவைக் கணக்கிடும் கணினி நிரலை ஓட்டுகிறேன். குறைவான புகைக்குப் பச்சை, கூடக் கூட மஞ்சள், ஆரஞ்சு, கருஞ்சிவப்பு. மேகம் மூடிய கட்டத்தில் கணக்குப் போட முடியாது. நிரல் அதை வெற்றிடமாக விட்டுவிடும்.

முதல் படத்தைப் பார்த்ததும் எங்கள் தலைவர் ஞானதுரை சார் முகம் சுளித்தார்.

"என்னம்மா இது, எலி கடிச்ச பாய் மாதிரி இருக்கு. இங்க ஓட்டை, அங்க ஓட்டை. இதை வச்சு கலெக்டர் என்ன முடிவெடுப்பாங்க?"

"மேகம் சார். நிரப்பிடலாம்."

நிரப்புவது எங்கள் பிழைப்பில் தினசரி நடப்பது. வெற்றுக் கட்டத்துக்குச் சுற்றியுள்ள கட்டங்களின் சராசரியை எடுத்துப் போடுவோம். மாதச் சராசரிப் படங்களுக்கு வருஷக்கணக்காக இப்படித்தான் செய்கிறேன், இதுவரை யாரும் குறை சொன்னதில்லை. நிரப்பிய கட்டங்களைத் தனியாகத் தெரியும்படி கோடு போட்டுக் காட்டலாமா என்று யோசித்தேன். படம் அசிங்கமாகிவிடும், விட்டுவிட்டேன். சாயங்காலம் அனுப்பிய படம் வழவழவென்று அழகாக இருந்தது. சார் தோளில் தட்டாத குறை.

மார்ச் 5, வியாழன்

ஆனைக்கல்பட்டி கருஞ்சிவப்பு. மலைக்கு அந்தப் பக்கம் இரண்டு குன்றுகளுக்கு நடுவில் இருக்கும் பன்னீர்ப்பள்ளம் பச்சை. திலகாவின் நாத்தனார் செல்லக்கனி வாழ்க்கைப்பட்டிருப்பது அந்த ஊரில்தான். இதைவிட என்ன வேண்டும்? காலையிலேயே போன் போட்டேன்.

"இன்னைக்கே கெளம்பி பன்னீர்ப்பள்ளம் போயிரு."

"நான் மதுரைக்கே வந்துரட்டுமாக்கா? உன்கூட இருக்கேன். உன்னைய ஒண்ணும் தொந்தரவு பண்ண மாட்டேன்."

"லிஃப்ட் இல்லாத மூணாவது மாடி. தண்ணி வேற இல்ல. நான் பகல் பூராம் ஆபீஸ்ல இருப்பேன், உனக்குத் திடீர்னு ஒண்ணுன்னா யாரு பாப்பா? அங்கிட்டுன்னா செல்லக்கனி மதினி இருக்காங்க."

இருமிவிட்டுச் சொன்னாள்.

"சரிக்கா. நீ பாத்து சொன்னா சரியாத்தான் இருக்கும்."

யோசித்துத்தான் சொன்னேன். மாடி உயரம், தண்ணீர் இல்லை, நான் வீட்டில் இருப்பதில்லை. எல்லாக் காரணமும் நியாயமானவை. அவள் வந்தால் எனக்குச் சந்தோஷம்தான், ஆனால் இந்த வாரம் அல்ல.

மார்ச் 6, வெள்ளி

பன்னீர்ப்பள்ளம் அரசுப் பள்ளியில் நிவாரண முகாம் திறந்துவிட்டார்கள். என் படத்தை வைத்துத்தான். மாலைப் பதிப்பில் படத்தோடு செய்தி வந்திருக்கிறது, ஆய்வகத்தின் பெயரும் இருக்கிறது. என் பெயர் இல்லை. பரவாயில்லை. (பரவாயில்லை என்று எழுதினால் கோபம் போய்விடும் என்று திலகா சொன்னாள். போகவில்லை.)

திலகா நேற்றே போய்ச் சேர்ந்துவிட்டாள். பேசினோம்.

"இங்க மூடுபனி மாதிரி இருக்குக்கா. எதுத்த வீடு மங்கலாத் தெரியுது."

"மலையடிவாரம்னா பனி இருக்கும்டி."

"மத்தியானமுமா?"

"ரெண்டு நாள் இரு. பழகிரும். இன்ஹேலரைப் பக்கத்துலயே வச்சுக்க."

மார்ச் 7, சனி

மோட்டார் ஓடுகிறது! குழாயைத் திறந்துவிட்டு அப்படியே நின்று வேடிக்கை பார்த்தேன். இரண்டு வாளி துணி துவைத்து, தலைக்குக் குளித்து, சுண்டைக்காய் வற்றல் குழம்பு வைத்துச் சாப்பிட்டேன்.

திலகாவிடம் சொல்லவில்லை. அவசரமான செய்தி ஒன்றும் இல்லையே.

மார்ச் 8, ஞாயிறு

விடுமுறையில்லை. புதன்கிழமை டெல்லியிலிருந்து பெரிய அதிகாரிகள் இணையம் வழியாக எங்கள் வரைபட முறையைப் பார்க்கப் போகிறார்கள். பிடித்துப்போனால் காட்டுத்தீ எரியும் எல்லா மாநிலத்துக்கும் இதே முறைதான். பேசப்போவது நான். சார் வாயாலேயே சொன்னார்: "அரசி, இது உங்க படம், நீங்கதான் பேசணும்." இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக என் படம் என்று ஒருவர் சொல்கிறார். எட்டுத் தடவை ஒத்திகை பார்த்தேன். சாப்பிட மறந்துவிட்டது.

திலகாவிடமிருந்து இரண்டு அழைப்புகள் வந்திருந்தன. ஒத்திகையில் இருந்ததால் எடுக்கவில்லை. நான் திரும்பக் கூப்பிட்டபோது செல்லக்கனி எடுத்து, "கண்ணசந்திருக்கு, நைட்டெல்லாம் ஒரே இருமல்" என்றார்.

மார்ச் 9, திங்கள்

சண்டை. அப்படியே எழுதுகிறேன், எழுதினால்தான் மனசு ஆறும்.

"அக்கா, இங்க சூரியனை வெறுங்கண்ணால பாக்க முடியுது. பழுத்த பப்பாளிக் கலர்ல இருக்கு. காயப்போட்ட துணியில சாம்பல் விழுகுது. எனக்கு மூச்சு இழுக்குதுக்கா."

"இன்னைக்குப் படத்துலயும் உங்க ஊரு பச்சைதான். கொஞ்சம் புகை காத்துல வந்திருக்கும். நீ எதையும் பெருசாக்குவ."

"நான் பொய் சொல்றேனா?"

"நான் அப்படிச் சொல்லல. ஆனா நீ ஒரு வீட்டு வாசல்ல இருந்து பாக்கிற. செயற்கைக்கோள் மொத்த மலையையும் பாக்குது."

"நான் என்னக்கா செயற்கைக்கோளையா மூச்சு விடுறேன்? இந்த வாசல்ல இருக்கிற காத்தத்தான விடுறேன்?"

"திலகா, எனக்கு நாளன்னைக்கு டெல்லி மீட்டிங். புரிஞ்சுக்க."

"சரி. நீ வேலையப் பாரு."

வைத்துவிட்டாள். கத்தியது நான்தான். சட்டத்தை மீறிவிட்டேன். அவளாவது கத்தியிருக்கலாம். குரலை உயர்த்தக்கூட அவளிடம் மூச்சு இல்லாத மாதிரி இருந்தது. அது எனக்கு இப்போதுதான், எழுதும்போதுதான் உறைக்கிறது. காலையில் முதல் வேலையாகப் பேச வேண்டும்.

மார்ச் 10, செவ்வாய்

வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது, எழுத்து எப்படி வந்தாலும் சரி.

காலையில் திலகா போனை எடுக்கவில்லை. கோபம் என்று நினைத்தேன். எனக்கும் ரோஷம் வந்தது. பதினோரு மணிக்குச் செல்லக்கனி கூப்பிட்டார்.

"அரசி, திலகா படுக்க முடியாம உக்காந்தே இருக்கு. ரெண்டு வார்த்தை பேசுனா மூச்சு நின்னு நின்னு வருது. ஆரம்ப சுகாதார நிலையத்துல நெபுலைசர் மருந்து தீந்துபோச்சு. முகாம்ல பாதிப் பேருக்கு இதே கததான். ஆம்புலன்சு எல்லாம் அங்கிட்டே ஓடுது."

"மதினி, ஆனா பன்னீர்ப்பள்ளத்துல புகையே குறைவாத்தான்..."

"ஏம்மா, நான் என்ன கண்ணு தெரியாதவளா?"

அவர் இத்தனை கடுமையாகப் பேசி நான் கேட்டதில்லை. எனக்கும் சுருக்கென்றது. உண்மையைச் சொன்னால் என்ன, நான் அடுத்துச் செய்தது அவர்கள் வாயை அடைப்பதற்காகத்தான். வண்ணப்படத்தை நம்ப மாட்டார்கள், எண்ணையே எடுத்து அனுப்புவோம் என்று நிரப்புவதற்கு முந்தைய மூலக் கோப்பைத் திறந்து பன்னீர்ப்பள்ளத்தின் கட்டத்தைத் தேடினேன்.

எண் இல்லை. வெற்றிடம். பக்கத்தில் காரணக் குறியீடு: மேகம்.

முந்தைய நாள் கோப்பு. மேகம். அதற்கு முந்தைய நாள். மேகம். நான்காம் தேதி வரைக்கும் ஒன்று விடாமல் பின்னோக்கிப் பார்த்தேன். பன்னீர்ப்பள்ளத்துக்கு ஒரு நாள்கூட ஓர் எண் கிடைத்ததே இல்லை. அந்தப் பச்சை முழுக்க நான் நிரப்பிய பச்சை. குன்றுக்கு அந்தப் பக்கம் மேற்கிலிருந்து சுத்தமான காற்று வீசுகிறது. அங்கேயுள்ள கட்டங்களின் சராசரியை எடுத்து இந்தப் பள்ளத்துக்குள் ஊற்றியிருக்கிறேன்.

மார்ச் மாதம், மழை வாடையே இல்லாத மலை. ஆறேழு நாளாக ஒரே பள்ளத்துக்கு மேல் நகராமல் நிற்கும் மேகம் எங்கே இருக்கிறது?

போட்டோவைத் திறந்தேன். சாதாரண போட்டோ, குழந்தைகூடப் பார்த்தால் புரியும் படம். ஒரு நிமிடம் எடுத்து நான் பார்த்திருக்க வேண்டிய படம். மற்ற இடங்களில் மலை பச்சையும் பழுப்புமாகத் தெரிந்தது. பன்னீர்ப்பள்ளம் தெரியவே இல்லை. இரண்டு குன்றுகளுக்கு நடுவே கட்டிப்பட்ட பழுப்புப் புகை, பாத்திரத்தில் ஊற்றிய மாதிரி விளிம்பு வரை நிறைந்து கிடந்தது. அளவு மீறி அடர்ந்த புகை வெயிலை மேகம் போலவே பளிச்சென்று திருப்பி அனுப்பும். நிரல் அதை மேகம் என்று எடுத்துக்கொண்டு விட்டுவிடும். இது எனக்குத் தெரியாத விஷயம் அல்ல. வருகிற மாணவர்களுக்கெல்லாம் இதை நானே வகுப்பெடுக்கிறேன்.

எங்கே புகை மிக அதிகமோ அங்கே எண் இருக்காது. எண் இல்லாத இடத்தில் நான் பச்சை அடித்தேன். அந்தப் பச்சைக்குள் என் தங்கையை அனுப்பினேன்.

பக்கத்து மேசை பர்வீன் நான் எழுந்த வேகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டாள். சார் அறைக்குள் கதவைத் தட்டாமல் போனேன். திரையில் காட்டினேன். அவர் கெட்டவர் இல்லை, பார்த்ததுமே முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் இப்படித்தான் சொன்னார்:

"நாளைக்கு டெல்லி மீட்டிங் முடியட்டும்மா. இன்னைக்கு சாயங்காலப் படத்துல நைசா மாத்திடுவோம். திடீர்னு தப்புன்னு சொன்னா ஜனங்க பதறிப் போயிருவாங்க. இனிமே யாரும் நம்ம படத்தை நம்ப மாட்டாங்க."

"நம்பித்தான் சார் அங்க உக்காந்திருக்காங்க."

வெளியே வந்து கலெக்டர் அலுவலகத்துக்கு நானே போன் போட்டேன். கலெக்டரே பேசினார். சொன்னேன். மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"முகாம்ல முந்நூறு பேருக்கு மேல இருக்காங்க. உங்க மேப்பைப் பாத்துத்தான் அனுப்பினோம்."

"தெரியும் மேடம். உடனே அவங்கள அங்கிருந்து மாத்திருங்க."

"எங்க கொண்டுபோறது? அதையும் நீங்கதானே சொல்லணும்?"

மேசையில் இருந்த படம் முழுக்க வண்ணம், அதில் எது நிஜம் எது நான் ஊற்றியது என்று எனக்கே தெரியவில்லை. மூலக் கோப்பைப் பார்த்து, எண் இருந்த ஊர்களை மட்டும் ஒவ்வொன்றாகப் படித்தேன். கிழக்கே சமவெளியில் ஐந்து ஊர்கள் தேறின.

"இந்த அஞ்சு ஊருக்கு மட்டும் என்னால சொல்ல முடியும் மேடம். மத்தது எனக்குத் தெரியாது."

"அடிவாரத்துல மிச்ச ஊரெல்லாம்?"

"தெரியாது மேடம். போட்டோவைப் பாத்து புகை நிக்கிற பள்ளங்களைச் சொல்றேன். ஆனா அளவு தெரியாது."

அவர் திட்டவில்லை. பேருந்துகள் அனுப்பச் சொல்வது கேட்டது. செல்லக்கனியைக் கூப்பிட்டு, ஆம்புலன்சுக்குக் காத்திருக்க வேண்டாம், முகாமுக்கு வரும் முதல் பேருந்தில் திலகாவை எப்படியாவது ஏற்றிவிடுங்கள் என்றேன். பர்வீன் என் பையை எடுத்துக் கையில் கொடுத்து, "காரை நான் ஓட்டுறேன் மேடம், நீங்க ஓட்டுற நெலமையில இல்ல" என்றாள். அவள் காரில்தான் போய்க்கொண்டிருக்கிறேன். முருகவேலுக்கு லைன் கிடைக்கவில்லை. மலையில் இருக்கிறார். திலகா எடுக்கவில்லை. செல்லக்கனியும் எடுக்கவில்லை.

திரும்பவும் போட்டேன். எடுக்கவில்லை.

தூரத்தில் மலை தெரிய வேண்டிய இடம் வந்துவிட்டது. மலை தெரியவில்லை.

மார்ச் 11, புதன்

மாவட்டத் தலைமை மருத்துவமனை. திலகா தீவிர சிகிச்சையில். நேற்று முதல் பேருந்தில் ஏற்றிவிட்டார்கள், பாதி வழியில் நினைவு தப்பிவிட்டது. விடியற்காலையில் அறுவை செய்து குழந்தையை எடுத்தார்கள். பெண். இன்னும் பத்து வாரம் உள்ளே இருந்திருக்க வேண்டியவள். அவளைப் பக்கத்துக் கட்டடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். தாயும் உயிரோடு, பிள்ளையும் உயிரோடு. இப்போதைக்கு இவ்வளவுதான் எழுத முடியும்.

டெல்லி மீட்டிங் நடந்ததா என்று தெரியாது.

மார்ச் 12, வியாழன்

முருகவேல் நேற்று மத்தியானம் மலையிலிருந்து நேராக வந்தார். சட்டையெல்லாம் கரி. என்னைப் பார்த்து என்ன சொல்லப் போகிறாரோ என்று எழுந்து நின்றேன். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நீங்க சொன்னீங்கன்னுதான் மதினி தைரியமா வேலைக்குப் போனேன்."

குற்றம் சொல்லும் குரலே இல்லை. நடந்ததைச் சொல்வது போலச் சொல்லிவிட்டு முகம் கழுவப் போனார். அவர் என்னை அறைந்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

பொது வார்டில் முகாமிலிருந்து வந்தவர்கள் கட்டிலுக்கு இருவராகப் படுத்திருக்கிறார்கள். எல்லாருக்கும் மூக்கில் குழாய். நான் தண்ணீர் பிடிக்கப் போனபோது கைக்குழந்தைக்காரி ஒருத்தி கேட்டாள்.

"நீங்க திலகா அக்காவோட அக்காவா? மேப்பு போட்டது நீங்கதான?"

ஆமாம் என்றேன்.

"அவங்க சொல்லித்தாங்க எங்க தெருவுல மூணு வீடும் பன்னீர்ப்பள்ளம் வந்தோம். எங்க அக்கா போட்ட மேப்பு, கண்ண மூடிட்டு வாங்கன்னாங்க. திலகாக்கா எப்படி இருக்காங்க?"

அந்தக் குழந்தை இருமியது. குழந்தைக்கு அப்படி ஓர் இருமல் வரும் என்று எனக்குத் தெரியாது. வராந்தாவுக்கு வந்து சுவரைப் பார்த்து நின்று அழுதேன்.

சாயங்காலம் ஞானதுரை சார் போன் செய்தார். மேலிடத்துக்கு ஓர் அறிக்கை போக வேண்டும். "செயற்கைக்கோள் தரவில் தொழில்நுட்பக் கோளாறு" என்று அவரே ஒரு வாக்கியம் தயாராக வைத்திருந்தார். அது என் வேலையையும் காப்பாற்றும், ஆய்வகத்தையும் காப்பாற்றும். நிஜமாகவே என் நல்லதுக்குத்தான் சொன்னார்.

"கோளாறு இல்ல சார். செயற்கைக்கோள் தெரியலன்னுதான் சொல்லுச்சு. தெரியும்னு சொன்னது நான்."

அப்படியே எழுதி அனுப்பிவிட்டேன். இன்றைய படத்தைப் பர்வீன் போட்டாள், வெற்றிடங்களை வெற்றிடமாகவே விட்டு. பார்க்க அசிங்கமாகத்தான் இருந்தது. கலெக்டர் அலுவலகத்திலிருந்து வெற்றிடம் ஒவ்வொன்றுக்கும் ஆள் அனுப்பிப் பார்க்கிறார்களாம்.

மார்ச் 13, வெள்ளி

மலையின் வடக்குச் சரிவில் தீ இன்னும் எரிகிறது.

குழந்தை பெட்டியில். திலகாவுக்கு முழுசாக நினைவு திரும்பவில்லை. முருகவேலுக்கு இட்லி வாங்கிக் கொடுத்தேன், தொடவில்லை. நானும்தான்.

மார்ச் 14, சனி

திலகா பேசினாள்.

வாயிலிருந்த குழாயை எடுத்துவிட்டு முகமூடி போட்டிருந்தார்கள். ஐந்து நிமிடம் மட்டும் என்றார் நர்ஸ். முருகவேல் பார்த்துவிட்டு வந்த பிறகு நான் போனேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று படியேறும்போது வாக்கியம் கோத்துக்கொண்டே போனேன். கட்டிலருகே போய் வாயைத் திறப்பதற்குள் அவளே முந்திக்கொண்டாள். அவள் முகமூடியைக் கொஞ்சம் விலக்கினாள்.

"அக்கா. ஒண்ணு கேக்கவா?"

"பேசாத. மூச்சு வாங்கும்."

"அன்னைக்கு நான் மதுரைக்கு வர்றேன்னேன். ஏன்க்கா வேணான்ன?"

என்னிடம் ஆயத்தமாகக் காரணங்கள் இருந்தன. இந்த நோட்டிலேயே வரிசையாக எழுதி வைத்திருக்கிறேன். அவற்றில் ஒன்றையும் நான் எடுக்கவில்லை.

"எனக்கு வேலை கெட்டுப்போகும்னு நெனச்சேன்டி. பெரிய மீட்டிங் இருந்துச்சு. நீ வந்தா உன்னைத்தான் பாத்துட்டு இருப்பேன்னு. வேற ஒண்ணும் இல்ல."

கண்ணை மூடிக்கொண்டாள். நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்தார். திலகா என்னைப் போகச் சொல்லப் போகிறாள், இனி என்னோடு பேச மாட்டாள் என்று நினைத்தேன். அது நியாயம்தான். பிறகு கண்ணைத் திறந்தாள்.

"எம்புள்ளைய நான் இன்னும் பாக்கல. எல்லாரும் வந்து நல்லா இருக்கு, நல்லா இருக்குங்கிறாங்க. அவரும் அதத்தான் சொல்றாரு. யாரு சொல்றதையும் என்னால நம்ப முடியல. நீ போய்ப் பாத்துட்டு வா. நீ பாத்தத மட்டும் வந்து சொல்லு."

"சரி."

"என் மனசு நோகும்னு எதையும் சேக்காத."

படியிறங்கி, வெயிலில் முற்றத்தைத் தாண்டி, அடுத்த கட்டடத்துக்கு ஓடினேன். காலணியைக் கழற்ற வைத்து, பச்சை அங்கி மாட்டிக் கண்ணாடிக்கு வெளியே நிற்க வைத்தார்கள். உள்ளே மூன்றாவது பெட்டி. நான் இவ்வளவு கவனமாக எதையும் இதுவரை பார்த்ததில்லை. பிழைப்பாளா என்று டாக்டரிடம் கேட்டேன், இப்போது சொல்ல முடியாது, இன்னும் சில நாள் போக வேண்டும் என்றார். திரும்ப ஓடிவந்தேன். நர்ஸ் முறைத்தார், ஆனால் விட்டுவிட்டார்.

"சொல்லு."

"ரொம்பச் சின்னதா இருக்கா. என் முழங்கைக்கும் விரலுக்கும் நடுவுல அடங்கிருவா. தோல் செவப்பா, சுருக்கமா இருக்கு. மூக்குல குழா, கால்ல ஒரு ஊசி. கண்ணு மூடியிருந்துச்சு. நெஞ்சு ஏறி எறங்குது, வேகமா ஏறி எறங்குது. நான் நின்ன நேரத்துல ஒரு தடவ எடது கைய விரிச்சு மூடுனா."

"அழுறாளா?"

"வாய் தொறந்துச்சு. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கேக்கல. அழுதாளா கொட்டாவி விட்டாளான்னு தெரியல."

"யார மாதிரி இருக்கா?"

"தெரியல. தொப்பி போட்டு விட்டிருக்காங்க."

முகமூடிக்குள் அவள் மூச்சு பனித்தது. என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"பொழைச்சுக்குவாளாக்கா?"

வழக்கமாக இந்த இடத்தில் நான் என்ன சொல்வேன் என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். பிறந்ததிலிருந்து அவள் கேட்ட எதற்கும் என்னிடம் பதில் இல்லாமல் போனதில்லை. வாயைத் திறந்தேன்.

"தெரியலடி" என்றேன். "டாக்டருக்கும் தெரியல. இன்னும் சில நாள் போகணுமாம்."

திலகா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு மெல்லத் தலையாட்டினாள். கண்விழித்த பிறகு முதல் தடவையாக ஒருவர் சொன்னதை அவள் நம்பியது போல இருந்தது.

"சரி" என்றாள். "சாயங்காலம் திரும்பப் போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு."